சவுக்கு இலையும் பின்பக்கப் பீலியும்: வலை போட்டுப் பார்த்த அனுபவம்

போன வருசம் ஜூலையில் அம்மாவின் அறையில் இருந்த அலுமாரியை நகர்த்தியபோதுதான் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் பச்சை பிடித்திருந்தது. அலுமாரியின் பின்பலகை ஊறி, விரலால் அழுத்தினால் அமுங்கியது. அம்மாவின் சேலைகளில் எல்லாம் பூசண வாடை. கூரை ஒழுகுகிறதா என்று மேலே பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனபோதுதான் விசயம் புரிந்தது. கூரைத் தண்ணீரை வாங்கிக் கொண்டுபோகிற பீலி நிறைந்து, தண்ணீர் அதன் விளிம்பு முழுக்கச் சீலை விரித்த மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம், தேயிலை மலையின் ஓரத்தில் இருக்கிறது. 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. மலையை வெட்டித்தான் வீட்டுக்கு இடம் எடுத்தார்கள். அதனால் பின்சுவருக்கும் மண்திட்டுக்கும் நடுவே நாலு அடி இடைவெளிதான். திட்டுக்கு மேலே வரிசையாகச் சவுக்கு மரங்கள். (தமிழ்நாட்டில் சவுக்கு என்றால் வேறு மரம். நாங்கள் சொல்வது தேயிலைக்கு நிழலுக்காக வைக்கிற சில்வர் ஓக்கை.) அந்த மரங்களை வெட்டச் சொல்லி யாரும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அந்தத் திட்டைப் பிடித்து வைத்திருப்பதே அவற்றின் வேர்தான். இலையைத்தான் நான் சமாளிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். கூரையின் நீட்டலையும் சேர்த்தால் எங்கள் கூரை ஏறக்குறைய 60 சதுர மீற்றர். அதில் பாதி பின்பக்கம் சாய்கிறது. ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 3000 லீற்றர், அதாவது ஆயிரம் லீற்றர் தாங்கி மூன்று. தென்மேல் பருவமழையில் இந்தப் பக்கத்து மலைகளுக்கு இது அபூர்வமான மழை இல்லை. பக்கத்து வட்டவளையில் வருசத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மூன்று தாங்கித் தண்ணீரையும் அந்த நாலு அடி இடுக்கில், சுவரின் அடியிலும் திட்டின் காலிலும் கொட்டிக்கொண்டிருந்தோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண் சரிந்ததை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. பீலி போட்டு மண்சரிவை நிறுத்த முடியாது, எச்சரிக்கை வந்தால் வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும். ஆனால் நம் கூரைத் தண்ணீரை நாமே திட்டின் காலில் ஊற்றக் கூடாது. அன்றைக்கே இதைச் சரிசெய்வது என்று முடிவு பண்ணினேன்.

பெப்ரவரி, இரண்டாம் கிழமை. மழை இல்லாத நாளாகப் பார்த்து மச்சானும் நானும் பின்பக்கப் பீலியைச் சுத்தம் செய்தோம். இரண்டு வருசத்துக்கு முன்னால் நாங்களே போட்ட 5 அங்குல பீவீசி பீலி, 30 அடி நீளம். மேலே காய்ந்த இலை ஒரு தட்டு. அதற்குக் கீழே தேயிலைத் தூள் சக்கை மாதிரி கறுத்த சேறு. அதில் புல் முளைத்து வேர் விட்டிருந்தது. மூன்று வாளி அள்ளினோம். அந்த மண் நல்ல மண், அம்மா அதை லீக்ஸ் பாத்தியில் போடச் சொன்னார்.

வெறும் பீலியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். நடுவில் தேங்கி நின்றது. சேற்றின் பாரத்தில் மூன்று பிராக்கெட்டுகள் வளைந்திருந்தன. இதைச் சரிசெய்யாமல் மேலே என்ன வலை போட்டாலும் பிரயோசனம் இல்லை. தேங்குகிற தண்ணீரில் நுளம்பும் பெருகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பீலியையும் பார்ப்பார்கள். தெளிவான டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் மட்டம் குறித்தோம். 10 அடிக்கு அரை அங்குலம் வீதம், 30 அடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் வைத்து நூல் கட்டினோம். பிராக்கெட்டுகளை எல்லாம் கழற்றி, இரண்டு அடிக்கு ஒன்றாக நெருக்கி அடித்தோம். முழு வேலையிலும் அதிக நேரம் எடுத்தது இதுதான். வலை அதற்குப் பிறகு வந்த சின்ன வேலை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பீலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது கூரையில் இருப்பது இல்லை. லயத்தில் இருந்த காலத்தில் குளிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் போன பீலிக்கரைதான். மலை ஊற்றை ஒரு குழாயிலோ தகரத்திலோ வாங்கி விழவைத்த இடம். அங்கேயும் இலை அடைத்தால் யாராவது ஏறிப் போய்க் கையை விட்டு எடுப்பார்கள். சின்ன வயதில் நானும் எடுத்திருக்கிறேன். அந்த ஊறின சவுக்கு இலையின் வாசம் பெப்ரவரியில் ஏணி மேல் நின்றபோது அப்படியே திரும்பி வந்தது.

மார்ச். முதலில் கோழி வலை, அரை அங்குலக் கண். மலிவு, வெட்டுவதும் சுலபம். அந்த மாதம் மரங்கள் நன்றாக இலை கொட்டின. இரண்டு கிழமை கழித்து ஏணி வைத்துப் பார்த்தேன். சவுக்கு இலையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது முழு இலை மாதிரி இல்லை. பெரணி மாதிரி விரல் விரலாகக் கிழிந்திருக்கும். மேலே கரும்பச்சை, அடியில் வெள்ளி. காய்ந்ததும் அந்த விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். ஒவ்வொரு இலையும் தன் விரலால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் அடுத்தது, அதன் மேல் இன்னொன்று, பாய் பின்னிய மாதிரி. இழுத்தால் உடைந்து, துண்டுகள் கண் வழியாகப் பீலிக்குள் விழுந்தன. வலை இல்லாமல் சுத்தம் செய்வதைவிட இது கஷ்டம். கழற்றிவிட்டேன், இப்போது அது கோழிக் கூட்டில்தான் இருக்கிறது.

ஏப்ரல், புத்தாண்டு விடுமுறை. ஜன்னலுக்கு அடிக்கிற நுளம்பு வலையை ஆறு அடிக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். இலை சுத்தமாக உள்ளே போகவில்லை, காற்றடித்ததும் சறுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. சந்தோசமாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் பின்னேரம் இடியோடு மழை வந்தது. தண்ணீர் வலைக்குள் இறங்கவே இல்லை. ஒவ்வொரு கண்ணிலும் ஒரு துளி கண்ணாடி மாதிரி உட்கார்ந்து அடைத்துக்கொண்டது. பின்னால் வந்த தண்ணீர் அதன் மேல் வழுக்கி வெளியே போனது. வீடு இருக்கிற இடம் காய்ந்த ஊராக இருந்தால் இது போதும் போல. எங்கள் பனியில் ஒரு மாதத்துக்குள் கண்களில் பாசியும் ஏறிவிட்டது.

ஆக, கண் அரை அங்குலமாகவும் இருக்கக் கூடாது, நுளம்பு வலை அளவுக்குப் பொடியாகவும் இருக்கக் கூடாது. கண்டிக்குப் போன மச்சானிடம் துளை போட்ட அலுமினியத் தகடு கேட்டேன். மூன்று நாலு மில்லிமீற்றர் துளை, 8 அடிக்கு 4 அடி. அதை 7 அங்குலப் பட்டிகளாக வெட்டினால் ஆறு பட்டி வரும். துருப்பிடிக்காத எஃகு வலையும் கடையில் இருந்தது, அது இன்னும் உறுதி. ஆனால் எங்கள் கூரை துத்தநாகமும் அலுமினியமும் பூசிய தகரம். எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்தில் எஃகு அதில் பட்டுக்கொண்டே இருந்தால் தகரத்தின் பூச்சுதான் முதலில் அரிக்கும். வலையைக் காப்பாற்றப் போய்க் கூரையைக் கெடுக்க எனக்கு மனமில்லை. அதனால் அலுமினியமே போதும் என்றேன்.

பட்டிகளை நாலு அடித் துண்டுகளாக வெட்டினோம். முழு நீளத்தில் போட்டால் பிறகு கழற்றத் தனி ஆளால் முடியாது. பின்விளிம்பு தகரத்துக்கு அடியில், முன்விளிம்பு பீலியின் வெளி உதட்டின் மேல். பிராக்கெட்டோடு பிளாஸ்டிக் பூசின கட்டுக் கம்பியால் கட்டினோம். ஆணி, ரிவெட் எதுவும் இல்லை. ஏணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த இடுக்கில் தரை முழுக்கப் பாசி. ஏணிக் காலுக்குப் பலகை போட்டு, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் நான் ஏறவில்லை. பீலியின் மேல் ஏணியைச் சாய்க்கவும் இல்லை, பீவீசி அதைத் தாங்காது.

மே கடைசி. பருவமழை பிடித்த முதல் இரவு. டோர்ச்சும் குடையுமாகப் பின்பக்கம் போய் நின்றேன். "மழையில என்னப்பா பாக்குற, உள்ள வா" என்று அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பீலிக்குள் தண்ணீர் ஓடியது, ஆனால் வெளியேயும் விழுந்தது. கொட்டவில்லை, சீப்புப் பல் மாதிரி நுனி நுனியாக வடிந்தது. டோர்ச்சை அடியில் பிடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. துளைக்குள் இறங்கிய தண்ணீர் நேராகக் கீழே விழாமல் தகட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, சரிவோடு முன்னால் ஓடிவருகிறது. முன்விளிம்பு பீலிக்கு வெளியே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் அந்த நுனி வரைக்கும் போய் அங்கிருந்து சொட்டுகிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. தகரத்தின் ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் தண்ணீர் தனித்தனி ஓடையாகப் பாய்கிறது. மழை வலுக்கும்போது அந்த ஓடைகள் மட்டும் தகட்டைத் தாண்டிக் குதித்தன.

ஜூன், போயா (பௌர்ணமி) லீவு. எட்டுத் துண்டையும் கழற்றினோம். முன்பக்கம் ஒரு அங்குலத்தைப் பலகையில் வைத்துத் தட்டி, பீலிக்கு உள்ளே போகிற மாதிரி கீழ்நோக்கி மடித்தோம். இப்போது அடியில் ஒட்டி வருகிற தண்ணீர் அந்த மடிப்பில் இறங்கிப் பீலிக்குள்ளேயே விழுகிறது. ஓடைகளுக்காக, தகட்டை இரண்டு அங்குலக் குழாயின் மேல் வைத்து அழுத்தி நடுவில் லேசான பள்ளம் எடுத்தோம். பாய்ந்து வரும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் மோதி வேகம் குறைகிறது. பள்ளம் ஆழமாகிவிடக் கூடாது, அப்புறம் இலை அங்கே தங்கிவிடும். முதல் துண்டை அப்படித்தான் கெடுத்தேன், மறுபடி தட்டிச் சரிசெய்தேன்.

பீலித் தண்ணீரைக் கீழே இறக்குகிற டவுன் பைப்பின் வாயில் முன்பு வைத்திருந்த உருண்டை வலையையும் எடுத்துவிட்டேன். மேலே தகடு இருக்கும்போது உள்ளே வருவது பொடிதான். அந்தப் பொடி குழாய் வழியாகப் போகட்டும். வாயில் இன்னொரு வலை இருந்தால் அது அங்கே சேர்ந்து அடைக்கும்.

குழாயிலிருந்து வெளியே வருகிற தண்ணீர் எங்கே போகிறது என்பது தனிப் பிரச்சினை. இவ்வளவு நாளும் வீட்டு மூலையில் விழுந்து கீழ் வரிசைக்கு ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, உங்க வீட்டுத் தண்ணி எங்க அடுப்படி வாசலுக்கு வருது" என்று கீழ்வீட்டு அக்கா ஒரு தடவை சொன்னார், சண்டையாகச் சொல்லவில்லை. அவருக்கு நான் பதில் செய்யாமல் இருந்தது எனக்கே உறுத்தலாக இருந்தது. பெரியப்பா தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டின அனுபவம் உள்ளவர். அவரைக் கூட்டி வந்து காட்டினேன். "நேரா வெட்டிவிட்டா மண்ண அள்ளிட்டுப் போயிரும்பா. மலையில நாங்க கானுக்குள்ள குழி குழியா வச்சுத்தான் வெட்டுவோம். தண்ணி குழியில விழுந்து, மண்ண விட்டுட்டு அப்புறம்தான் தாண்டிப் போகும்" என்றார். அப்படியே செய்தோம். வீட்டின் பக்கவாட்டில் சிமெந்துக் கான், வழியில் இரண்டு குழி, கடைசியில் பாதையோரக் கானில் சேர்க்கை. கீழ்வீட்டு வாசலுக்கு இப்போது ஒரு சொட்டும் போவதில்லை. அக்கா அவரைக்காய் அவித்து ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூலை. மாதம் ஒரு தடவை ஈர்க்கில் விளக்குமாற்றை நீளமான கம்பில் கட்டி, தரையில் நின்றபடியே தகட்டின் மேலே கூட்டிவிடுகிறேன். வலை போட்டால் பீலியைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சவுக்கு மரத்துக்கு அடியில் அது நடக்காது. போன ஞாயிறு இரண்டு துண்டைக் கழற்றி உள்ளே பார்த்தேன். நகக்கண் பருமனில் மெல்லிய வண்டல், இலை ஒன்றுகூட இல்லை. முழுப் பீலியிலும் வழித்தால் ஒரு சிரட்டைதான் வரும். முன்பு மூன்று வாளி. தகட்டில் துரு இல்லை. வெளி விளிம்பில் ஓரிடத்தில் பாசி தொடங்கியிருக்கிறது, அதைப் பழைய பல் பிரஸ்ஸால் தேய்த்துவிட்டேன்.

அம்மாவின் சுவரில் பச்சையைச் சுரண்டி, காயவிட்டு, சுண்ணாம்பு அடித்து ஒரு மாதம் ஆகிறது. இவ்வளவு மழையிலும் திரும்ப வரவில்லை. அடியில் மட்டும் கை வைத்தால் இன்னும் கொஞ்சம் குளிர்கிறது, அதனால் அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வைத்திருக்கிறோம். மீதி இரண்டு பட்டியையும் முன்பக்கம் வாசலுக்கு மேலே போட்டாயிற்று. முன்பக்கம் இன்னும் 14 அடி பாக்கி. அடுத்த முறை மச்சான் கண்டிக்குப் போகும்போது இன்னொரு தகடு சொல்லியிருக்கிறேன்.