வாத்தியாராகப் படித்தவர்கள் ஆடிய பந்து

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஐந்து கல்லூரிகள். டிகால்ப், மெக்கோம், சார்ல்ஸ்டன், கார்பண்டேல், நார்மல் என்று ஐந்து ஊர்களில் அரசு நடத்தியவை. ஐந்துமே பள்ளிக்கூடங்களுக்கு வாத்தியார்களைத் தயார் செய்து அனுப்பத்தான் தொடங்கப்பட்டன. அவை தங்களுக்குள் ஒரு லீக் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை புட்பால் விளையாடின. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த சீசன்களில், 1946இல் டிகால்ப் ஜெயித்தது, 1947இல் கார்பண்டேல், 1948இல் சார்ல்ஸ்டன்.

கொஞ்ச நாளாக எனக்கு இதே நினைப்பாக இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் இருந்துகொண்டு, எங்கேயோ நடந்த பழைய ஆட்டங்களைப் பற்றி இவர் ஏன் எழுதுகிறார் என்று கேட்கலாம். நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். என் தங்கை மகன் கார்பண்டேலில் படித்தவன். அவன் படித்த பல்கலைக்கழகம் முன்பு வாத்தியார் காலேஜாக இருந்தது என்று போனில் பேச்சுவாக்கில் சொன்னான். "அங்க புட்பால் டீம் உண்டா மக்களே?" என்று கேட்டேன். "உண்டு மாமா. ஆனா நீங்க நினைக்கிற புட்பால் இல்ல, கையில தூக்கிட்டு ஓடுற ஆட்டம்" என்றான். அதன்பிறகு அவன் அனுப்பியதையெல்லாம் படித்தேன், நானும் தேடினேன்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 11 பேர், 100 கெஜ மைதானம். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்பு கிடைக்கும். கபடியில் பாடி வருகிறவனை மடக்குகிற மாதிரி எதிரணி ஆளைக் கட்டிப்பிடித்துச் சாய்க்கும். கடைசிக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. இவ்வளவு போதும். என்னை இழுத்தது ஆட்டத்தைவிட ஆடிய ஆட்கள்தான்.

போர் நடந்த வருஷங்களில் ஆண் மாணவர்கள் எல்லாம் படைக்குப் போய்விட, சிறிய கல்லூரிகள் பல அணியையே நிறுத்தி வைத்திருந்தன. 1944 ஜூனில் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. போரிலிருந்து திரும்புகிற சிப்பாய் படிக்க விரும்பினால் வருஷத்துக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். கைச்செலவுக்கும் மாதாமாதம் பணம் தரும், கல்யாணம் ஆனவருக்குக் கூடுதலாக. இந்தச் சட்டத்தால் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள். 1947இல் அந்த நாட்டுக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முன்னாள் சிப்பாய்கள். தங்க இடமில்லாமல் பல ஊர்களில் ராணுவக் கொட்டகைகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து கல்லூரி வளாகத்தில் நிறுத்தினார்கள்.

யோசித்துப் பாருங்கள். 18 வயதுப் பையன் ஒருவன் ஆட்ட வரிசையில் நிற்கிறான். பக்கத்தில் நிற்பவருக்கு 25 வயது, பெண்டாட்டி பிள்ளை உண்டு, போர்முனை பார்த்தவர். இருவரும் காலையில் ஒரே வகுப்பில் பாடம் நடத்தும் முறையைப் படித்துவிட்டு, சாயங்காலம் ஒரே மண்ணில் விழுந்து புரளுகிறார்கள். இரண்டு பேரும் நாளைக்கு வாத்தியார்கள்.

டிகால்ப் அணியின் கோச் ஜார்ஜ் எவன்ஸ், எல்லாருக்கும் 'சிக்' எவன்ஸ். 1929இல் வந்தவர் 1954 வரை அந்த அணியைப் பார்த்துக்கொண்டார். பந்து மட்டும் என்றில்லை, கூடைப்பந்தும் பேஸ்பாலும்கூட அவர் கையில் இருந்த காலம் உண்டு. சிறிய கல்லூரியில் அப்படித்தான், ஒரு ஆள் தலையில் எல்லாம் வந்து விழும். எங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் அதே கதைதான். அதனாலேயே அந்த மனிதர்மேல் எனக்குத் தனிப் பிரியம். 1946இல் லீக்கை ஜெயித்த கையோடு, நவம்பர் கடைசியில் நன்றி தெரிவிக்கும் நாளன்று புளூமிங்டனில் இவான்ஸ்வில் கல்லூரியோடு ஒரு தனி ஆட்டம் ஆடினார்கள். டர்க்கி பவுல் என்று பெயர். 19-7 என்று தோற்றார்கள். அடுத்த வருஷம் அதே ஊரில் கார்ன் பவுல். சுற்றிலும் சோளம் விளைகிற பூமி, பெயரும் அப்படியே அமைந்தது. அதில் கார்பண்டேல் 21-0 என்று ஜெயித்தது. 1948இல் சார்ல்ஸ்டன்காரர்கள் போய் 6-0 என்று இல்லினாய் வெஸ்லியனிடம் தோற்றார்கள். பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டங்களுக்கு லட்சம் பேர்வரை கூடுகிற தேசம் அது. அங்கே இந்தச் சிறிய கல்லூரிகளின் ஆட்டம் அந்தந்த ஊர்க்காரர்களின் விசேஷம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் எல்லாச் சிப்பாய்களுக்கும் ஒரேபோல் பயன்படவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பின இளைஞர்களுக்கு வெள்ளையர் கல்லூரியில் இடம் கிடையாது. அவர்களுக்கென்று தனி வாத்தியார் கல்லூரிகள் இருந்தன. வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் டீச்சர்ஸ் காலேஜ் அப்படி ஒன்று. 1946இல் அங்கே கிளாரன்ஸ் கெயின்ஸ் என்ற இளைஞர் உதவி கோச்சாக வந்து சேர்ந்தார். சீக்கிரமே எல்லா விளையாட்டும் அவர் பொறுப்பாகிவிட்டது. 1949 வரை புட்பால் அணியைப் பழக்கினார். அப்புறம் கூடைப்பந்தோடு நின்று, 1993இல் ஓய்வுபெறும்போது 828 வெற்றிகள் கணக்கில் இருந்தன. அவ்வளவும் ஒரே கல்லூரியில்.

இந்த ஆட்டக்காரர்கள் அப்புறம் எங்கே போனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். பணத்துக்கு ஆடும் அணிகளில் சேர்ந்தவர்கள் வெகு குறைவு. மற்றவர்கள் சோளக்காட்டு நடுவே இருக்கிற உயர்நிலைப் பள்ளிகளுக்கு வரலாறும் கணக்கும் நடத்தப் போனார்கள். பாடம் முடிந்ததும் விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். அந்த தேசத்தில் சின்ன ஊர்ப் பள்ளிக்குக்கூட ஒரு அணி இருக்கிறதென்றால், பந்து ஆடிய வாத்தியார் அங்கே போய்ச் சேர்ந்தது அதற்கு ஒரு பெரிய காரணம்.

நமக்கும் அந்த நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கியவர் ஹாரி குரோ பக், பென்சில்வேனியாக்காரர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளராகக் கூட்டிப்போனவரும் அவர்தான். 1943இல் இறந்தார். தமிழ் பேசும் ஊர்களில் 'டிரில் மாஸ்டர்' என்று அறியப்பட்ட அந்தத் தலைமுறையில் கணிசமான பேர் அவர் கல்லூரியில் படித்தவர்கள்.

எங்கள் டிரில் சாரும் அங்கே படித்தவர்தான். போர்க்காலத்தில் கொஹிமா பக்கம் ராணுவ லாரி ஓட்டியவர். திரும்பி வந்தபோது நம்ம பகுதி இன்னும் திருவிதாங்கூர் ராஜ்யம். சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து எங்கள் பள்ளியில் சேர்ந்தார். எனக்கு அவர் கிடைத்தது அறுபதுகளின் கடைசியில். பள்ளிக்கு ஒரே ஒரு தோல் பந்துதான் இருந்தது. லேஸ் கட்டுகிற பழைய பந்து. அதைத் தயார் பண்ணுவதே ஒரு வேலை. தோலின் பிளவு வழியாக ரப்பர் பிளாடரை உள்ளே விட்டு மடிப்பு விழாமல் விரலால் நீவ வேண்டும். பிளாடரின் குழாயில் சைக்கிள் பம்பை வைத்து ஒருவன் அடிப்பான், ஒருவன் குழாயைப் பிடித்துக்கொள்வான். காற்று நிறைந்ததும் குழாயை மடக்கி நூலால் இறுகக் கட்டி உள்ளே தள்ளி, அதன்மேல் தோல் நாக்கைச் சரித்து, வளைந்த இரும்பு ஊசியால் செருப்புக்குத் தைப்பதுபோல லேஸை இழுத்துக் கட்ட வேண்டும். முடிச்சு மேடிட்டுவிட்டால் தலையால் முட்டுகிறவன் நெற்றியில் அச்சு விழும். மழையில் நனைந்தால் பந்து கல்லாகக் கனக்கும். சார் அதைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி நிழலில் வைப்பார். இந்த வேலை முழுவதையும் அவர் எங்களைச் செய்ய வைத்தார், ஒரு நாளும் தானே செய்து தரவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்ம ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி 2-1 என்று பிரான்சிடம் தோற்றதையும், அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன் என்பதையும் பம்ப் அடிக்கும்போது சொல்வார்.

அவர் செய்ததில் பெரிய காரியம் இன்னொன்று. கணக்கு சாரை கோலுக்கு நிறுத்தினார். தமிழ் ஐயாவுக்கு விசில் கொடுத்து ஆஃப்சைடு சொல்லிக் கொடுத்தார். "சாரே, எனக்கு இதெல்லாம் வராது" என்று தமிழ் ஐயா விலகப் பார்த்தது நினைவிருக்கிறது. விடவில்லை. டிரில் சார் லீவில் போனாலும் எங்களுக்கு விளையாட்டு பீரியடு நின்றதே கிடையாது.

நம்ம மாவட்டத்தில் பந்துக்குக் குறைவில்லை. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், இரவிபுத்தன்துறை என்று கடப்புறம் முழுக்க மணலில் பந்து உருளுகிறது. இரவிபுத்தன்துறையில் இருந்து மைக்கேல் சூசைராஜும் மைக்கேல் ரெஜினும் போய் நாடு முழுக்கத் தெரியும் ஆட்டக்காரர்கள் ஆனார்கள். ரெஜின் இருந்த சென்னை சிட்டி அணி 2018-19 ஐ-லீக்கை ஜெயித்தது. ராத்திரி விளக்குப் போட்டு, பக்கத்துக்கு ஏழு பேராக நடக்கும் செவன்ஸ் ஆட்டத்துக்குக் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் இது ஊரும் கிளப்பும் சர்ச்சும் வளர்த்த பந்து. பள்ளிக்கூடத்தின் பங்கு குறைவு. கடப்புறத்தை விட்டு வடக்கே மலைப்பக்கம் போனால், பள்ளிக்கூடம் கொடுத்தால்தான் பிள்ளைக்குப் பந்து.

பல பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் என்று தனியாக ஆள் கிடையாது. வகுப்பு டீச்சர்தான் பிள்ளைகளை விளையாட விட வேண்டும். அந்த டீச்சர் படித்த கல்லூரியில் அவர் கையில் யாராவது பந்தைக் கொடுத்தார்களா? தேர்வு வேலையாக ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். மைதானம் என்று எழுதிய இடத்தில் கல்லூரி பஸ்கள் நின்றன. பந்துகள் கண்ணாடி அலமாரிக்குள், பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் பூட்டிக் கிடந்தன. ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருக்கிறோம் சார் என்றார் அங்கே இருந்த ஊழியர். பி.எட். படிப்பை 2015இல் இருந்து இரண்டு வருஷமாக ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு சாயங்காலம்கூட அந்தப் பந்து தரையைத் தொடவில்லை என்றால் எனக்கு ஆறவில்லை.

இல்லினாய்க்காரர்கள் செய்ததை நாமும் செய்யலாம் என்பது என் எண்ணம். ஐந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் போதும். ஒவ்வொரு அணிக்கும் நான்கு ஆட்டம், மொத்தம் 10. அவர்கள் லீக்கும் இதே கணக்குத்தான். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, அதனால் ஜனவரியில் தொடங்கி சனிக்கிழமைகளில் முடித்துவிடலாம். ஆடப்போவது நம்ம கால்பந்துதான், பக்கத்துக்கு ஏழு பேர். பி.எட். வகுப்பில் இன்று பெரும்பாலும் பெண்கள்தான். ஆகவே முதலில் பெண்கள் லீக். பையன்கள் தேறினால் அதன்கூட இன்னொன்று. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். 1946இல் அங்கே வந்து நின்றவர்கள் போரிலிருந்து திரும்பிய ஆண்கள். இங்கே நாளைக்கு வகுப்பறையில் நிற்கப்போகிறவர்கள் இந்தப் பெண்கள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் படிக்க வருகிறவர்களும் இவர்களில் உண்டு. இவர்கள் ஆடினால்தான் ஆறாம் வகுப்புப் பெண்குழந்தை ஆடும்.

செலவு பெரிதில்லை. கல்லூரி வேன் இருக்கிறது. பந்தும் பனியனும் வாங்கினால் போதும். பழக்குவதற்குக் கடப்புறத்தில் கால்பந்து கோச்சுக்கான டி லைசென்ஸ் எடுத்த இளைஞர்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் வந்து சொல்லித்தரத் தயார் என்கிறார்கள். ஒரு நிபந்தனை மட்டும் வைக்க ஆசைப்படுகிறேன். ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு ஆட்டத்துக்காவது விசில் ஊத வேண்டும், பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒரு நாளாவது பழக்க வேண்டும். வாத்தியார் ஆகப்போகிறவருக்கு அது கோல் போடுவதைவிடப் பயன்படும்.

பெண்கள் வெயிலில் ஆடுவார்களா, அடிபட்டால் யார் பொறுப்பு, படிப்பு கெடாதா என்று கேட்கிறார்கள். ஐந்து மணிக்கு மேல் ஆடுவோம். முதலுதவிக்கு ஆள் வைத்துக்கொள்வோம். படிப்பைப் பொறுத்தவரை, பிள்ளைகளை எப்படிக் கையாள்வது என்பதுதானே அந்தப் படிப்பே.

இதுவரை இரண்டு கல்லூரிகள் சரி என்றிருக்கின்றன. ஒன்று கல்குளம் பக்கம், இன்னொன்று விளவங்கோடு பக்கம். இன்னும் மூன்று வேண்டும். அகஸ்தீஸ்வரம், தோவாளை பக்கம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், உங்கள் முதல்வரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இங்கே கீழே எழுதுங்கள். நான் நேரில் வந்து பேசுகிறேன்.