மரம் ஓசி, சேற்றுக்குத்தான் காசு

வாடகைக் காரை விட்டுவிட்டு வீடு வந்து சேரவில்லை, அதற்குள் ‘சுத்தம் செய்த கட்டணம்’ என்று 180 டாலரைக் கார்டில் இருந்து உருவிவிட்டார்கள். டிக்கியில் கொஞ்சம் சேறு, அவ்வளவுதான். அதுவும் தார்ப்பாய் விரித்திருந்தேன்! பெட்ரோல், டோல் எல்லாம் தனி.

சரி, போன விஷயத்துக்கு வருகிறேன். போன்சாய்க்கு, அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்க, வெளியில் தானாக வளர்ந்த மரங்களைத் தோண்டி எடுக்கப் போனோம். சிட்னிக்கு வடக்கே, புலாடீலா பக்கம் ஒரு மாட்டுப் பண்ணை. போன்சாய் நண்பர் பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார். தேசியப் பூங்காவில் ஒரு செடியைக்கூடத் தோண்டக் கூடாது. சாலையோர மரம்தானே என்று மண்வெட்டியை இறக்கினாலும் வம்புதான்.

பண்ணையின் சதுப்பு மூலையில் பேப்பர்பார்க் மரங்கள். அடடா! மாடு மிதித்து, புல்வெட்டும் டிராக்டர் வருஷா வருஷம் மொட்டையடித்து, முழங்காலுக்கு மேல் வளரவே விடவில்லை. அடிமரமோ தொடைப் பருமன். வெங்காயம்போல ஏடு ஏடாக உரியும் பட்டை. தொட்டியில் வளர்த்து இந்தப் பருமனைப் பார்ப்பதற்குள் நமக்கு வயதாகிவிடும். ஜப்பானியப் பைன்தான் உசத்தி என்று அலட்டுபவர்களை இங்கே கூட்டி வர வேண்டும். பண்ணைக்காரருக்கோ இது களை. “இன்னும் நாலு எடுத்துக்கோங்க” என்கிறார்.

மேப்பிள் மாதிரி இலையுதிர் மரங்களைக் குளிர்காலத் தூக்கத்தில் எடுப்பார்கள். பேப்பர்பார்க்கை வெயில் காலத்தில், வேர் வேகமாக ஓடும்போது எடுத்தால்தான் பிழைக்கும். ஆகவே கொளுத்தும் வெயில், கொசு, காலெல்லாம் அட்டை. சுற்றிலும் பள்ளம் பறித்து, அடிவேரை ரம்பத்தால் அறுத்து, ஈரச் சாக்கில் சுற்ற வேண்டும். வீட்டில் தண்ணீர்த் தட்டிலேயே வைத்துவிடலாம், சதுப்பில் பிறந்ததாச்சே.

மேட்டில் பாங்க்சியா என்ற ஆஸ்திரேலிய மரம் ஒன்று கண்ணைப் பறித்தது. நண்பர் தடுத்துவிட்டார். வேரைக் கலைத்தால் தாங்காதாம், பாஸ்பரஸ் கூடிய உரமும் ஆகாதாம்.

கருவிகளை அங்கேயே கழுவினோம். 2010இல் இந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முதலில் தென்பட்ட மிர்ட்டில் ரஸ்ட் பூஞ்சை பேப்பர்பார்க்கையும் பிடிக்கும். உடையிலும் கருவியிலும் ஒட்டிக்கொண்டு பரவும்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை பேக்கரியில் சுடச்சுட மாட்டிறைச்சிப் ‘பை’ (pie). மிளகுக் குழம்பு வழிய வழிய, இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழுசாகத் தகுந்தது அது ஒன்றுதான். இரண்டு சாப்பிட்டேன்.

தோண்டத் தெம்பில்லை, பார்த்தால் போதும் என்பவர்கள் கான்பெரா தேசிய மரப்பூங்காவில் உள்ள போன்சாய்த் தொகுப்புக்குப் போகலாம். அங்கே உள்நாட்டு மரங்களும் உண்டு. நுழைவு இலவசம்.