தேயிலைப் பெட்டியில் இருக்கும் மூன்று மரக் கப்பல்

போன வாரம் அண்ணன் மகள் ஒரு தேயிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஹட்டன் டவுனில் வாங்கியது. அட்டையில் மூன்று பாய்மரத்தோடு ஒரு கப்பல், எல்லாப் பாயும் விரிந்து நிற்கிறது. "சித்தப்பா, நம்ம ஆளுங்க இந்தக் கப்பல்லதான் வந்தாங்களா?" என்று கேட்டாள். இலங்கை மலையகத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் முன்னோரைத்தான் கேட்கிறாள். இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் எனக்குப் பாய்க்கப்பல் என்றால் உயிர். கடலே தெரியாத மலையில் பிறந்தும் சின்ன வயதிலிருந்து அந்தப் படங்களைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு பிந்திவிட்டது.

அட்டையில் இருப்பது கிளிப்பர், சீனத்துத் தேயிலையை லண்டனுக்குக் கொண்டுபோன வேகக் கப்பல். 1866இல் ஃபூச்சௌவிலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பிய ஏரியல், தைப்பிங் என்ற இரண்டும் 99 நாள் ஓடி, லண்டன் துறையில் அரை மணி நேரம்கூட இடைவெளி இல்லாமல் வந்து கட்டின. மூன்று வருடம் கழித்து, 1869 நவம்பர் 17ஆம் திகதி சூயஸ் கால்வாய் திறந்தது. ஐந்தே நாளில், 22ஆம் திகதி, கட்டி சார்க் என்ற கிளிப்பரைத் தண்ணீரில் இறக்கினார்கள். அந்தக் கால்வாய் நீராவிக் கப்பலுக்குத்தான் தோதானது. நம் நாட்டில், கண்டிப் பக்கத்து லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை தேயிலை போட்டது 1867இல், லண்டனுக்கு 23 பவுண்டு எடைத் தேயிலை போனது 1873இல். அதற்கப்புறம் நம் தேயிலை பெட்டி பெட்டியாகப் போகத் தொடங்கியபோது அதைச் சுமந்தது நீராவிக் கப்பல். பாய்க்கப்பலில் போனது தேயிலைக்கு முன்னால் இதே மலைகளில் நின்ற கோப்பி.

சரி, மரத்துக்கு வருவோம். ஒரு சவர்க்காரக் கட்டியை எடுத்து, அடுப்படியில் கிடந்த மிலாறுக் குச்சி மூன்றை அதில் குத்தி வைத்தேன். அணியத்திலிருந்து, அதாவது கப்பலின் மூக்குப் பக்கமிருந்து எண்ண வேண்டும். முதலாவது ஃபோர், நடுவில் நிற்பது மெயின், கடைசி மிஸன். இந்த மிஸன் என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனால் 'நடு' என்ற பொருள் வருகிறது, நிற்பதோ கடைசியில். பிரெஞ்சுக்காரர்கள் ஏறக்குறைய அதே சொல்லை முன்மரத்துக்கு வைத்திருக்கிறார்கள். பெயர்களும் கப்பலோடு ஊர் ஊராகப் போய் இடம் மாறியிருக்கின்றன.

பெரிய கப்பலில் ஒரு பாய்மரம் என்பது பெரும்பாலும் ஒரே மரம் இல்லை. அடிமரத்தின் மேல் டாப், அதன் மேல் டாப்கேலண்ட், உச்சியில் ராயல் என்று ஏறிக்கொண்டே போகும். அதனால் 'மெயின் டாப்கேலண்ட்' என்று ஒரு பாயைச் சொன்னால் எந்த மரம், எந்த உயரம் என்று இரண்டும் தெரிந்துவிடும். நாம் 'மேல் டிவிசன் ஏழாம் நம்பர் மலை' என்கிறோமே, அதே மாதிரி ஒரு விலாசம். நம் மொழியிலும் இது பழையதுதான். கூம்பையும் மீப்பாயையும் களையாமலே புகாருக்குள் நுழைந்த பெருங்கலத்தைப் புறநானூற்றின் 30ஆம் பாட்டு சொல்கிறது. கூம்பு என்றால் பாய்மரம், மீப்பாய் என்றால் மேலே கட்டும் பாய். டாப்ஸெயிலுக்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். கப்பலின் வகைப்பெயர் பாய் கட்டும் விதத்திலிருந்து வருகிறது, உடம்பு எப்படியிருந்தாலும் சரி. பருமலில், அதுதான் குறுக்கு மரத்தில், தொங்குவது குறுக்குப் பாய். கப்பலின் நீளவாக்கில் நிற்பது நெடுக்குப் பாய். மூன்று மரத்திலும் குறுக்குப் பாய் என்றால் கறாரான பொருளில் அதுதான் 'ஷிப்'. கடைசி மரத்தில் மட்டும் நெடுக்குப் பாய் என்றால் பார்க். முன்மரத்தில் மட்டும் குறுக்கு, மற்றதெல்லாம் நெடுக்கு என்றால் பார்க்கண்டைன். இரண்டே மரம், இரண்டிலும் குறுக்கு என்றால் பிரிக். இரண்டோ அதற்கு மேலோ மரம், எல்லாமே நெடுக்கு, முன்மரம் பின்னால் நிற்பதைவிட உயரமில்லை என்றால் ஸ்கூனர்.

ஏன் மாற்றி மாற்றிக் கட்டினார்கள் என்று அவள் கேட்டாள். எல்லாம் பேர்க் கணக்குதான் என்றேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றுதானே எண்ணுகிறோம், கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்களே, அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. குறுக்குப் பாயைச் சுருட்ட ஆட்கள் உச்சிவரை ஏறி, பருமலுக்குக் கீழே ஓடும் கயிற்றில் கால் வைத்து, காற்றிலும் மழையிலும் வயிற்றை மரத்தில் அழுத்திக்கொண்டு நின்று வேலை செய்ய வேண்டும். நெடுக்குப் பாயைப் பெரும்பாலும் தளத்தில் நின்றே இழுத்துக் கட்டலாம், பேர் குறையும். கட்டி சார்க்குக்கே இது நடந்தது. போர்த்துக்கீசர் கைக்குப் போன பிறகு 1916இல் அதன் மரங்கள் முறிந்தன, திரும்பக் கட்டும்போது பார்க்கண்டைனாகக் கட்டினார்கள். உடம்பு அதே உடம்பு, இனம் வேறு. 1922க்குப் பிறகுதான் அது மறுபடி ஷிப் ஆகும் வழி பிறந்தது. இந்தக் கணக்கின் எல்லை அமெரிக்காவின் தாமஸ் டபிள்யூ. லாசன். 1902இல் வந்த ஸ்கூனர், ஏழு மரம்! பாயை ஏற்றி இறக்க நீராவி இயந்திரம் இருந்ததால் ஆட்கள் இருபது பேர்கூட இல்லை. ஏழு மரத்துக்கும் என்ன பெயர் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. 1907இல் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளில் மூழ்கியது, ஆட்களில் இரண்டே பேர் பிழைத்தார்கள்.

அவள் முதலில் கேட்டதற்கு வருகிறேன். நம்மவர்கள் கோப்பிக் காலத்தில் வந்தது தோணியில். இராமநாதபுரக் கரையிலிருந்து பாய் விரித்து மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். தலைமன்னார் நீராவிக் கப்பல் 1914இல்தான் வந்தது. அந்தத் தோணிகளை யாரும் தேயிலைப் பெட்டியில் வரையவில்லை, வரைந்திருக்க வேண்டும். நம் கரைகளில் பாய்க்கப்பல் கட்டிய கைகள் எப்பேர்ப்பட்டவை என்பதற்கு யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி சாட்சி. இரண்டு மரக் கப்பல். ஒரு அமெரிக்கர் வாங்க, நம் வடக்கத்து மாலுமிகள் ஓட்டிக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் சேர்த்தார்கள்.

"அப்ப ரெண்டு மரம்னா எது மெயின்?" என்றாள். பெரும்பாலும் உயரமானது. குட்டை மரம் முன்னால் நின்றால் அது ஃபோர், பின்னால் நின்றால் மிஸன் என்றேன். சவர்க்காரத்திலிருந்து ஒரு குச்சியைப் பிடுங்கிப் போட்டாள். மற்ற இரண்டையும் இடம் மாற்றிக் குத்தினாள், நெட்டை முன்னால், குட்டை பின்னால்.

"இது என்னா சித்தப்பா?"

கெட்ச் என்றேன்.