துணி பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை: பீன்யா பட்டறையிலிருந்து

பெங்களூரு பீன்யாவில் நானும் அண்ணியும் துணி பொம்மை தைக்கும் பட்டறை நடத்துகிறோம். மிஷினில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் லக்கெரே, ராஜகோபால் நகர் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள். எங்களுக்கு ஐஎஸ்ஐ உரிமம் கிடைத்ததிலிருந்து, இதே தொழிலில் இருப்பவர்கள் ஃபோன் போட்டு "எப்படிங்க வாங்கினீங்க?" என்று கேட்டபடி இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன்.

பொம்மைக்கு ஐஎஸ்ஐ விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை. 2020இல் போட்ட தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கான எதையும் முத்திரை இல்லாமல் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது. மீறினால் முதல் தடவையே குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். "கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டே" என்பார்கள். உண்டுதான். கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும், சன்னபட்டணம் மரப்பொம்மை போலப் புவிசார் குறியீடு பெற்ற பொருளைப் பதிவோடு செய்கிறவர்களுக்கும் அது பொருந்தும். பவர் மிஷின் போட்டுத் தைக்கிற எங்களுக்குப் பொருந்தாது.

இதற்காக எல்லோரும் பிஐஎஸ்ஸை, அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தை, திட்டுகிறார்கள். ஆனால் ஆணை போட்டது மத்திய வர்த்தக, தொழில் அமைச்சகம். தரநிலையை எழுதுவது, உரிமம் கொடுப்பது, கொடுத்த பின் கண்காணிப்பது ஆகியவைதான் பிஐஎஸ்ஸின் வேலை.

கையில் ஒரு தொகையை வைத்தால் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்று ஏஜென்ட் ஒருவர் வந்தார். அனுப்பிவிட்டோம். பிஐஎஸ்ஸின் மானக் ஆன்லைன் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்து போக ஒரு நாளைக்கு 7,000. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவில் குறுந்தொழில் என்றிருந்தால் ஆண்டு முத்திரைக் கட்டணத்தில் நல்ல சலுகை கிடைக்கும். அந்தச் சான்றிதழை மறக்காமல் ஏற்றுங்கள். சந்தேகம் வந்தால் தும்கூர் ரோட்டில் இருக்கும் கிளை அலுவலகத்துக்கே போய்க் கேட்கலாம். எங்களுக்குப் பொறுமையாகவே பதில் சொன்னார்கள்.

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் ஐஎஸ் 9873. மின்சாரம் இல்லாத பொம்மைகளுக்கு இந்தத் தரநிலைதான். முதல் பாகம் உடைவது, பிய்வது, குத்துவது பற்றி. இரண்டாவது தீப்பிடிப்பது பற்றி. மூன்றாவது சாயத்திலும் துணியிலும் இருந்து ஈயம், காட்மியம், பாதரசம் முதலான 8 தனிமங்கள் எவ்வளவு கசியலாம் என்பது பற்றி. அணைத்துக்கொள்கிற மென்பொம்மை என்றால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் கைக்கும் போகும் என்றே எடுத்துக்கொள்வார்கள். '3 வயதுக்கு மேல்' என்று லேபிள் ஒட்டித் தப்பிக்க முடியாது.

எங்கள் கரடிக்குப் பட்டன் கண். இப்படி ஒட்டியோ தைத்தோ வைத்த உறுப்பைத் தரநிலை சொல்லும் விசையில் 10 விநாடி இழுத்துப் பார்ப்பார்கள். பிய்ந்து வந்தால், அந்தத் துண்டு 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுசாக அடங்கக் கூடாது. அடங்கினால் குழந்தையின் தொண்டையிலும் அடைக்கும் என்று கணக்கு. அண்ணி, "லேப்புக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நாமளே பாத்துடலாம்" என்று பத்து கிலோ அரிசி மூட்டையைப் பட்டனில் கட்டித் தொங்கவிட்டார். சில கண்கள் நின்றன, சில துணியோடு கிழிந்து வந்தன. அன்றைக்கே பட்டனை விட்டுவிட்டு எம்பிராய்டரி கண்ணுக்கு மாறினோம். செலவு கொஞ்சம் கூடியது. கரடியின் முகம் முன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி பொம்மையைப் பற்றித்தான் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் அலமாரியிலிருந்து தைத்து முடித்த ஒரு கரடியை எடுத்து, "இது எந்தத் துணி ரோல்? என்றைக்குத் தைத்தது? யார் சோதித்தார்?" என்றார் கன்னடத்தில். நோட்டைப் புரட்டிக் காட்டினேன். அடுத்து, இழுவையை அளக்கும் கருவி சரியாக அளக்கிறது என்பதற்கான காலிபரேஷன் சான்று எங்கே என்றார். அதற்கடுத்து ஊசி நோட்டு. அடைத்த பஞ்சுக்குள் உடைந்த ஊசி முனை கிடக்கக் கூடாது என்பது தரநிலையில் இருக்கிறது. அதனால் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதிய பிறகே புது ஊசி தருவது என்று வைத்திருந்தோம். "ஊசி உடைஞ்சதுக்குக்கூடவா அக்கா நோட்டு?" என்று சலித்துக்கொண்ட பெண்ணே அதை அதிகாரியிடம் விரித்து, ஒவ்வொரு பக்கமாக விளக்கினாள்.

ஒரு நல்ல பொம்மையை யார் வேண்டுமானாலும் தைத்து லேப்புக்கு அனுப்பிவிடலாம். ஆயிரமாவது பொம்மையும் அதே மாதிரி வருமா என்பதைத்தான் இந்த ஆய்வில் பார்க்கிறார்கள். கடைசியில் அவரே சாம்பிள் எடுத்து, சீல் வைத்து, சோதனைக்கு அனுப்பினார். தீச்சோதனையை நினைத்துத்தான் எனக்குப் பயம். மென்பொம்மையில் தீ விநாடிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. புசுபுசுவென்று நீள மயிர் உள்ள துணியில் அது சந்தேகம்தான் என்று குட்டை மயிர்த் துணியையே கொடுத்திருந்தோம். பாஸ் ஆனது.

உரிமம் வந்தால் சிஎம்/எல் என்று தொடங்கும் எண் தருவார்கள். முத்திரைக்கு மேலே ஐஎஸ் எண், கீழே இந்த எண், இரண்டும் இருக்க வேண்டும். வாங்குகிறவர் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எங்கள் பட்டறை பெயர், முகவரி, உரிமம் செல்லுமா என்பது வந்துவிடும். வெறும் ஐஎஸ்ஐ சின்னம் மட்டும் அச்சடித்து எண் இல்லாமல் விற்கும் பொம்மையை நம்பாதீர்கள்.

இன்னொன்று, உரிமம் அந்த முகவரிக்குத்தான். வாடகை கூடிவிட்டது என்று அடுத்த தெருவுக்கு மாறினாலும் பிஐஎஸ்ஸிடம் சொல்லாமல் அங்கே முத்திரை குத்த முடியாது. நீண்ட வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். சொல்லாமலும் ஆய்வுக்கு வருவார்கள், கடையில் நம் பொம்மையை வாங்கியும் சோதிப்பார்கள். ஆகவே நோட்டு எழுதுவதை உரிமம் வந்த மறுநாளே நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது சத்தம் போடும் யானை ஒன்று செய்யச் சொல்லிக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். பேட்டரி வைத்தால் அது மின் பொம்மை, ஐஎஸ் 15644 பக்கம் போய்விடும். அதற்கு வேறு விண்ணப்பம், வேறு சோதனை. அண்ணி, "அமுக்கினா கீச்சுங்கிற காத்துக் குழல் போதும், பேட்டரி வேண்டாம்" என்கிறார். அந்தக் குழல் வெளியே வந்தால் சோதனைக் குழாய்க்குள் அடங்குமா என்று அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.