எல்லா கஸ்டமருக்கும் ஒரே நம்பர்: 2147483647

எம்.சி. ரோட்டுல துணிக்கடை வச்சிருக்குற ஃப்ரெண்டு பில்லிங் சாஃப்ட்வேர் மாத்துனான், பழைய கஸ்டமர் லிஸ்ட்ட ஏத்துனா அத்தனை பேருக்கும் ஒரே மொபைல் நம்பர், 2147483647. "இன்னா மச்சான் இது, யாரு நம்பர்டா"ன்றான். எனக்கு சிரிப்பு தாங்கல, ஏன்னா எனக்கு ரொம்ப புடிச்ச நம்பர் அது.

மேட்டர் சிம்பிள். போன் நம்பர் போடுற எடத்த 32 பிட் இன்டிஜரா, அதாவது 0, 1 போட 32 எடம் மட்டும் இருக்குற முழு எண்ணா வச்சிட்டாங்க. அதுல ஒரு பிட்டு ப்ளஸ்ஸா மைனஸான்னு சொல்ல போயிடும், மீதி 31ம் ஒண்ணுன்னா இந்த நம்பர், இதுக்கு மேல எது வந்தாலும் சில டேட்டாபேஸ் செட்டிங்ல சத்தமே இல்லாம இங்கயே வெட்டிடும். நம்மூர் மொபைல் நம்பர் 6ல இருந்து 9க்குள்ள ஆரம்பிக்குது, லிமிட்டு 214 கோடி சொச்சம், ஒண்ணுகூட தப்பிக்காது.

ஆனா இது ஒரு ப்ரைம் நம்பர், அதாவது 1ஆலயும் தன்னாலயும் மட்டும் வகுபடுற பகா எண்ணுன்னு எத்தன பேருக்கு தெரியும்? 1772ல கணக்கு மேதை ஆய்லர் ப்ரூவ் பண்ணாரு, அதுவும் கிட்டத்தட்ட கண்ணு தெரியாம போன வயசுல. இத எதுவும் வகுக்கலன்னு காட்ட, இதோட ஸ்கொயர் ரூட்டு வரைக்கும், அதாவது 46340 வரைக்கும் இருக்குற ப்ரைம் எல்லாத்தையும் போட்டு பாக்கணும், ஏறக்குறைய 4800 வரும். மனுஷன் அப்டி பண்ணல. 2-ஐ 31 தடவ பெருக்கி 1 கழிச்சா வர்ற நம்பர் இது, 31ஓ ப்ரைம், அதனால இத வகுக்குற ப்ரைம் எதுவா இருந்தாலும் 62ஆல வகுத்தா மீதி 1 வந்தே ஆகணும். அதோட 8ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7. ரெண்டையும் சேத்தா, 248ஆல வகுத்தா மீதி 1 இல்ல 63 வர்ற ப்ரைம் மட்டும்தான் கேண்டிடேட்டு, நூறுகூட தேறாது! மொத ஆளே 311தான், போட்டு பாருங்க, மீதி 35 வரும். மத்ததையும் இப்டியே தள்ளிட்டே போனா முடிஞ்சுது. நம்ம ஸ்கூல்ல மீதிய ஏதோ மிச்சம் மீதி மாதிரிதான் சொல்லி குடுத்தாங்க, கடுப்பா இருக்கு.

கம்ப்யூட்டர் லிமிட்டும் ப்ரைமும் ஒண்ணா அமஞ்சது சும்மா லக்கு. 16 பிட் லிமிட்டு 32767, அது 7 × 31 × 151. 64 பிட் லிமிட்டும் 7ஆல வகுபடும். ப்ளஸ் மைனஸ் பிட்டு போக மிச்சம் 15, 63, ரெண்டுமே ப்ரைம் இல்லல்ல, அதான். 8 பிட்டோட 127 மட்டும் ப்ரைம்.

1811ல பார்லோன்னு ஒருத்தரு, இந்த ப்ரைம வச்சு வர்ற 19 இலக்க பெர்ஃபெக்ட் நம்பர (தன்ன விட்டுட்டு, தன்ன வகுக்குற மத்த எல்லாத்தையும் கூட்டுனா தானே வர்ற நம்பர், 1+2+3=6 மாதிரி) விட பெருசா எவனும் கண்டுபுடிக்க மாட்டான், அதால யூஸும் இல்லன்னு எழுதுனாரு. 1876லயே லூகாஸ்னு ஒரு கணக்குக்காரரு 39 இலக்க ப்ரைம் கொண்டாந்துட்டாரு, 2024ல வந்தது 4 கோடியே 10 லட்சம் இலக்கத்துக்கு மேல.

இன்னொண்ணு. 2-ஐ 5 தடவ பெருக்கி 1 கழிச்சா 31, ப்ரைம். 31 தடவன்னா நம்மாளு, ப்ரைம். அப்ப 2147483647 தடவ பெருக்கி 1 கழிச்சா? 64 கோடி இலக்கம் வரும், ஆனா ப்ரைம் இல்ல, 295257526626031 அத வகுத்துடுது.