சர்க்கரை முட்டைக்குள் ஒரு தோட்டம்

அமெரிக்காவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்குவார். உள்ளே, மெல்லிய காகிதத்தில் சுற்றிய சர்க்கரை முட்டை. அவருடைய அம்மா செய்தது.

இந்த வருஷம் என் கையிலேயே கொடுத்தார். ஒரு முனையில் சின்ன ஜன்னல், எட்டிப் பார்த்தால் பச்சை ஐசிங் புல்வெளி, அதில் நகம் அளவு முயல், பக்கத்தில் மஞ்சள் கோழிக்குஞ்சு. முயலுக்கு ஒரு காது உடைந்திருக்கிறது, ஒட்டாமல் அப்படியே வைத்திருக்கிறார். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

எப்படிச் செய்வது என்று கேட்டேன். சர்க்கரையில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கொஞ்சமாக விட்டுப் பிசறி, ஈர மணல் பதத்துக்கு வந்ததும் அச்சில் அழுத்திக் கவிழ்த்து, வெளிப்பக்கம் இறுகிய பிறகு உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் சர்க்கரையை ஸ்பூனால் சுரண்டி எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் பாதி முட்டையின் கூடு கிடைக்கும், இப்படி இரண்டு பாதிகள் வேண்டும். அப்புறம் உள்ளே காட்சியை அமைத்து, இரண்டு பாதிகளையும் ராயல் ஐசிங்கால் (காய்ந்ததும் கெட்டியாகும் சர்க்கரைக் குழைவு) ஒட்டி, ஒட்டிய இடம் தெரியாமல் மேலே அலை அலையாகப் பிழிவார்கள்.

சர்க்கரை லேசில் கெடாது. ஈரம்தான் அதற்கு எமன், காற்றில் ஈரப்பதம் ஏறினால் மேற்பரப்பு கசிந்து இளகிவிடும்.

அந்தப் பழைய அச்சு இன்னும் அவரிடம் இருக்கிறது. அடுத்த ஈஸ்டருக்குச் சேர்ந்து ஒன்று செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்.