மியாசிஸ்: கிடைத்ததையெல்லாம் போட்ட பெட்டி

நாயும் பூனையும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் என்று ஒரு படம் உங்களுக்கும் வந்திருக்கும். கீரி மாதிரி நீண்ட உடம்போடு ஒரு பிராணி மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும், அதிலிருந்து நாய்க்கு ஓர் அம்புக்குறி, பூனைக்கு ஒன்று, பெயர் மியாசிஸ். நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தவன்தான்.

முழுப்பொய் என்று சொல்ல முடியாது, பல்லைப் பார்த்தால் உறவு தெரியும். பூனை கெட்டியான இறைச்சியைத் தின்னும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து, துண்டை வாயோரத்துக்குத் தள்ளிக் கடிக்கிறதே, அங்கே மேலே நான்காவது முன்கடைவாய்ப்பல்லும் கீழே முதல் கடைவாய்ப்பல்லும் கத்தரிக்கோல் போல உரசி வெட்டுகின்றன. மியாசிஸுக்கும் அதே ஜோடிதான். ஹயனோடான் என்ற இன்னொரு பழைய வேட்டைக்காரனுக்கு வெட்டும் பற்கள் இன்னும் உள்ளே தள்ளி இருந்தன. அந்த வம்சமே இன்று இல்லை.

சிக்கல் பெயரில்தான். 1872-ல் எட்வர்ட் டிரிங்கர் கோப் என்ற அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் இந்தப் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதிக்கு, பெயர் வைத்தார். அப்புறம் வந்தவர்கள் இயோசீன் காலத்துச் (சுமார் 5.6 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்) சின்ன ஊனுண்ணியின் தாடை எது கிடைத்தாலும், வேறு இடம் தெரியவில்லையா, சரி மியாசிஸில் போடு என்று போட்டுக்கொண்டே போனார்கள். இப்போது ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார்கள். டெக்சாஸில் கிடைத்த மியாசிஸ் காக்னிட்டஸைத்தான் நாய், பூனை, கரடியெல்லாம் அடங்கிய நவீன ஊனுண்ணி வரிசைக்குள் நிஜமாகவே சேர்ந்தது என்று காட்டுவார்கள். 2016-ல் அது கரடிநாய் என்ற அழிந்துபோன விலங்குகளின் குடும்பத்துக்குப் போய் குஸ்டாஃப்சோனியா ஆகிவிட்டது. பெல்ஜியத்தின் டோர்மால் ஊரில் கிடைத்த மியாசிஸ் லாட்டூரி, 2014-ல் டோர்மாலோசியான் ஆனது. எனக்குப் பிடித்தது இதுதான். ஏறக்குறைய 5.5 கோடி ஆண்டுக்கு முந்தையது, எடை ஒரு கிலோ இருக்கலாம், பற்களும் கணுக்கால் எலும்புகளுமாக 250-க்கும் மேல் புதிதாகச் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள், அந்தக் கணுக்கால்தான் இது மரத்தில் திரிந்தது என்று காட்டிக்கொடுத்தது.

அதாவது மியாசிஸ் என்பது தாத்தா இல்லை, தாத்தாவின் பங்காளிகள் பலருக்கு ஒரே பெயர். எத்தனை பேரை வெளியே எடுத்தாலும் பெயர் போகாதது, கோப் முதலில் பெயர் வைத்த மியாசிஸ் பார்விவோரஸுக்கு மட்டும்தான்.